நம்பர் குத்திய கத்தி

எங்கள் ஊர் தாலுகா கச்சேரியில் ஒரு மூலை அறைதான் டிரஷரி. அதன் கம்பிக் கதவுக்கு வெளியே இரவும் பகலும் ஒரு போலீஸ்காரர் பாரா நிற்பார். 1970களின் கடைசியில் சில மாதங்கள் அந்தப் பாரா என் தாய்மாமாவுக்கு விழுந்தது. அவர் ஆயுதப்படைக் காவலர். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மாமா தூக்கை வாங்கும்போது என் கண் தூக்கில் இருக்காது. அவர் பக்கத்தில் நிற்கும் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் முனையில் இருக்கும். ஓரடி நீளத்துக்கு ஒரு கத்தி. வெயில் பட்டால் சுவரில் வெளிச்சம் ஓடும்.

"மாமா, இதால யாரையாவது குத்தியிருக்கீங்களா?"

"தேங்காகூட உடைச்சதில்லடா."

தொடப் போனால் மட்டும் அவர் குரல் மாறும். "கைய எடு. அதுல நம்பர் குத்தியிருக்கு. தொலைஞ்சா மெமோ, அப்புறம் சம்பளத்துல பிடிப்பான்."

துப்பாக்கி முனையில் மாட்டும் இந்தக் கத்திதான் பயனெட். பழைய தமிழ் எழுத்தில் அதற்குத் 'துப்பாக்கிச் சனியன்' என்று ஒரு பெயர் உண்டு. இதை நான் கல்லூரிக் காலத்தில் எங்கோ படித்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாத்தான் பேர் வெச்சிருக்கான். ஆனா இது ஏழரை வருஷத்துல விடாதுடா, சர்வீஸ் பூரா கூடவே வரும்."

மாமா சுமந்தது முதலில் போலீஸுக்கென்று செய்த பொருளல்ல. அதன் வம்சாவளி 1908 ஜனவரியில் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஒரு பயனெட்டில் தொடங்குகிறது. பெயர் என்னவோ 1907 மாதிரி. அலகு மட்டும் 17 அங்குலம், பிடியும் சேர்த்தால் 21 அங்குலத்துக்கும் மேல். ஏன் இவ்வளவு நீளம் என்பதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அதற்கு முந்தைய லீ என்ஃபீல்டு துப்பாக்கி நாற்பத்தொன்பதரை அங்குலம். குதிரைப்படைக்கும் காலாட்படைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று அதை நாற்பத்து நாலரை அங்குலமாகக் குறுக்கினார்கள்; நாம் த்ரீ நாட் த்ரீ என்பது இதைத்தான். ஐந்து அங்குலம் போயிற்று. நேருக்கு நேர் நின்றால் ஜெர்மன்காரனின் கத்தி முதலில் தொட்டுவிடுமே என்ற கவலை வந்தது. அப்போது வழக்கில் இருந்த 1903 மாதிரி பயனெட்டின் அலகு 12 அங்குலம். அதோடு ஐந்தைக் கூட்டினால் 17. துப்பாக்கியில் வெட்டியதைக் கத்தியில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். வடிவத்தை ஜப்பானியரின் 30ஆம் வகைப் பயனெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் அதற்கு ஒரு கொக்கியும் இருந்தது. பிடிக்குக் கீழே உள்ள குறுக்குத் தண்டு வளைந்து நீளும். எதிரியின் அலகைச் சிக்கவைத்துத் திருப்பலாம் என்பது யோசனை. நடைமுறையில் அது செடியிலும் பட்டையிலும் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். 1913-ல் கொக்கியை விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே செய்தவற்றில் பெரும்பாலானவற்றின் கொக்கியையும் வெட்டினார்கள். 1916-ல் பிடியின் தலையில் ஒரு சிறு துளை போட்டார்கள், உள்ளே சேரும் சேறு வெளியேற. அலகின் இரு பக்கமும் ஓடும் பள்ளத்தைப் பார்த்து 'ரத்தம் வடியத்தான் இது' என்று சொல்லாதவரே இல்லை. அது கதை. பள்ளம் எடுத்தால் எடை குறையும், விறைப்பு குறையாது, அதற்குத்தான் அது. கொக்கி, துளை, பள்ளம் மூன்றையும் பார்த்தே ஒரு பயனெட்டின் வயதைப் பாதி சொல்லிவிடலாம். மீதியை அலகின் அடியில் குத்திய முத்திரை சொல்லும்: கிரீடம், அரசரின் எழுத்து, 1907 என்ற மாதிரி எண், செய்த கம்பெனி, மாதம், ஆண்டு. மறுபக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அலகை வளைத்துப் பார்த்தோம், உடையவில்லை என்பதற்கு அத்தாட்சி.

கம்பெனிப் பெயர்களில் சில நம் வீட்டுப் பெயர்கள். சவர பிளேடில் பார்த்த வில்கின்சன் இதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் செய்தவற்றின் மரப்பிடியில் டென்னிஸ் மட்டைக்குப் பேர்போன ஸ்லாசெஞ்சரின் சுருக்கெழுத்து உண்டு. நம் பங்குக்கு, கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. அதன் முத்திரை ஆர்.எஃப்.ஐ.

1914-ல் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது கையிலிருந்த பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புதிய ரகத்தைக் கொடுத்தார்கள். போர்க்களத்தின் வாசலில்தான் சிப்பாய்க்குப் புதுசு கிடைத்தது. இதில் ஒரு கொள்கை இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரச் சிப்பாயின் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழையதுதான் இந்தியச் சிப்பாயின் கையில் இருக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ்காரருக்கு அதைவிடப் பழையது. அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பி சட்டை கடைக்குட்டிக்கு என்ற நம் வீட்டு ஏற்பாடுதான். ஆனால் இங்கே காரணம் சிக்கனம் மட்டுமில்லை, பயமும்தான்.

அந்தப் பயத்துக்கு .410 மஸ்கட்டைப் போல நல்ல சாட்சி வேறில்லை. லீ என்ஃபீல்டின் குழலைக் கடைந்து உள்வரிகளை எடுத்துவிட்டு, தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி இஷாப்பூரில் மாற்றினார்கள். போலீஸுக்கும் சிறைக் காவலுக்கும் போனது இதுதான். துப்பாக்கி பறிபோனாலும் ராணுவத் தோட்டா அதில் வேலைக்காகாது, தூரமும் எட்டாது. இப்படி எல்லாவற்றையும் முடமாக்கியவர்கள் ஒன்றை மட்டும் தொடவில்லை. முனையில் பயனெட் மாட்டும் பூண் அப்படியே இருந்தது. ஒரே ஒரு குண்டு வைத்திருக்கும் காவலரிடம் கூட்டம் எதற்குப் பயப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பதுங்குகுழிச் சண்டையும் பதினேழு அங்குலக் கணக்கும் பழங்கதையாயின. காட்டிலும் லாரியிலும் அந்த நீளம் இடைஞ்சல். 1940களின் தொடக்கத்தில் இஷாப்பூர் பழைய அலகுகளை 12 அங்குலமாக வெட்டித் தீட்டியது; பிறகு முதலிலேயே 12 அங்குலமாகச் செய்யத் தொடங்கியது. அவசர காலத்துச் சரக்கு என்பது பார்த்தாலே தெரியும். சிலவற்றில் பள்ளமே இல்லை, சிலவற்றின் பிடி செங்கல் மாதிரி சதுரமாக இருக்கும். முப்பத்தைந்து வருடம் சுற்றிவிட்டு 1903-ன் நீளத்துக்கே திரும்பி வந்தார்கள். மாமாவின் கையில் இருந்தது இந்தக் குட்டை ரகம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1960களில் 7.62 தோட்டாவுக்கென்று இஷாப்பூர் செய்த 2ஏ1 துப்பாக்கியிலும் இதே பயனெட்டை மாட்டலாம். ராணுவம் எஸ்.எல்.ஆர் துப்பாக்கிக்கு மாறிவிட்டது. போலீஸிடம் த்ரீ நாட் த்ரீயும் அதன் சனியனும் தங்கிவிட்டன.

தங்கியதோடு சரி, வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு கத்தி, குத்தாமலேயே ஒரு காவலரின் பணிக்காலத்தைத் தின்ற கதை இது. மாமா சொன்னதை வைத்துப் பார்த்தால் அதன் வாழ்க்கை இப்படி: காலையில் ஆர்மரியில், அதாவது ஆயுதக் கிடங்கில், கையெழுத்துப் போட்டு வாங்குவது, நம்பரைச் சரிபார்ப்பது, பாரா மாறும்போது அடுத்தவரிடம் நம்பரைச் சொல்லி ஒப்படைப்பது, மழைக்காலத்தில் எண்ணெய் தடவுவது, தோல் உறையில் பூஞ்சை படிந்தால் துடைப்பது, சுதந்திர தினத்துக்கு முந்தின ராத்திரி கண்ணாடி மாதிரி தேய்ப்பது. சில இடங்களில் அணிவகுப்புக்கென்று அலகுக்குக் குரோம் பூசிவிட்டார்கள். சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி பளபளக்கும். தேய்க்கும் வேலை மிச்சம்.

பிடியின் தலையில் குத்திய அந்த நம்பர் துப்பாக்கி வரிசையின் நம்பர். தொழிற்சாலை குத்தியதல்ல, ஆர்மரர் கையால் சுத்தியலில் அடித்தது. கோணலாக இருக்கும். பழைய நம்பரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது நம்பர் குத்தியிருக்கும். பட்டாளத்தில் ஒரு நம்பர், அங்கிருந்து ஒரு ஸ்டேஷனுக்கு வந்ததும் இன்னொரு நம்பர். மாமாவுக்கு அவருடைய நம்பர் ஓய்வுபெற்று இருபது வருடம் கழித்தும் மறக்கவில்லை. என் அத்தையின் பிறந்தநாள் மறந்துபோகும், 118 மறக்காது.

இன்று எந்த டிரஷரி வாசலிலும் அந்த வெளிச்சம் ஓடுவதை நான் பார்க்கவில்லை. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கிகளுக்கு எதிரே த்ரீ நாட் த்ரீயும் லத்தியுமாகப் போலீஸ்காரர்கள் நின்றதை நாடே பார்த்தது. அதன் பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. இன்சாஸ், எஸ்.எல்.ஆர் துப்பாக்கிகள் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றுக்கும் பயனெட் உண்டு. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் இன்று அதை மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. பிளாஸ்டிக் கேடயம், கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி என்று கூட்டத்தைக் கலைக்கும் சாமான்களே வேறு. அதற்காக நான் வருத்தப்படவில்லை. மக்களின் நெஞ்சுக்கு நேரே கத்தி நீட்டி நிற்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கங்களில் நல்லதல்ல. பழக்கம் ஒழியட்டும். பொருளும் சுவடில்லாமல் ஒழிய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு இங்கே தோன்றவில்லை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பயனெட் சேகரிக்கிறார். ஏழெட்டு வருடத்துக்கு முன் பர்மிங்ஹாமில் ஒரு பழைய ஆயுதச் சந்தைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். மேசை மேசையாகக் கத்திகள். ஒரு மேசையின் ஓரத்தில், மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, குரோம் பூசிய குட்டை அலகு ஒன்று. ஆர்.எஃப்.ஐ. முத்திரை. நான் எடுத்துத் திருப்பினேன். பிடியின் தலையில் ஒரு நம்பர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் இன்னொன்று கோணலாகக் குத்தியிருந்தது. 118 இல்லை. இருந்தாலும் கை தானாகவே பின்னால் வந்துவிட்டது. நம்பர் குத்தியதைத் தொடாதே என்ற குரல் அத்தனை ஆழத்தில் கிடந்திருக்கிறது.

நண்பர் சிரித்தார். "இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இதை மேசைக்கு அடியில பெட்டியில கொட்டி வெச்சிருப்பாங்க. யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க."

அவர் சொன்னது மெய்தான். 1980, 90களில் இந்தியா கழித்த இஷாப்பூர்த் துப்பாக்கிகளும் பயனெட்களும் உபரிச் சரக்காக அமெரிக்காவுக்குப் போயின. பழைய ஆயுத வியாபாரம் என்றாலே மொத்தச் சரக்குதான்: 2003-ல் காத்மாண்டு அரண்மனையின் பழைய ஆயுதக் கிடங்கையே இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து வாங்கின. அந்தக் காலத்துச் சேகரிப்பாளருக்கு வேண்டியது குறையில்லாத உருப்படி. கொக்கி வெட்டாத 1907, தீட்டாத அலகு, படையணிப் பெயர் தெளிவாகத் தெரியும் பிடி. வெட்டிக் குட்டையாக்கியது கெட்டது, குரோம் பூசியது அதைவிடக் கெட்டது, போலீஸ் நம்பர் குத்தியது தீண்டத்தகாதது. துணிக்கடையில் கறை பட்ட புடவையை ஒதுக்குவதுபோல ஒதுக்கினார்கள்.

ஒதுக்கியது பெட்டியிலிருந்து மேசைக்கு ஏறிய மாற்றத்துக்கு ஒரு காரணம், நல்ல உருப்படிகள் தீர்ந்துபோனதும் போலி பெருகியதும். கொக்கி வெட்டாத பயனெட்டுக்கு விலை ஏறியதும் வெட்டியதற்குக் கொக்கி ஒட்டவைக்கும் கைகள் கிளம்பின. பற்றவைத்த தழும்பை மெருகு போட்டு மறைத்தால் தேர்ந்த கண்ணே ஏமாறும். டேராடூன் வட்டாரத்தில் நேர்மையாகவே நகல் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்பது அவர்கள் வேலை. நாலு கை மாறிய பிறகு அது 'அசல்' ஆகிவிடுவது வேறு யாருடைய வேலையோ. குரோம் பூசிய போலீஸ் பயனெட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. மெனக்கெட்டு அதைப் போலி செய்ய யாருக்கு மனசு வரும்?

இன்னொரு காரணத்தை ஜெர்மானியர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக நண்பர் சொல்கிறார். முதல் உலகப்போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகக் குறுக்கியது. மிஞ்சிய பழைய பயனெட்களில் ஒரு பகுதி பிரஷ்யப் போலீஸுக்குப் போனது. அவர்கள் அதில் படையணி முத்திரையை அடித்துவிட்டு மாவட்டத்தின் எழுத்தைக் குத்தினார்கள். எஸ்.டி. என்றால் டுஸ்ஸல்டார்ஃப் நகரக் காவல். எல் என்று தொடங்கினால் கிராமப்புறக் காவல். பிற்பாடு கழுகுத்தலைப் பிடியும் மான்கொம்புப் பட்டையுமாக ஜோலிங்கன் பட்டறைகளில் போலீஸுக்கென்றே பகட்டாகச் செய்தார்கள். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள் சேகரிப்பாளர்கள். இன்று ஒரு ஜெர்மன் போலீஸ் பயனெட்டைக் காட்டினால் எந்தப் படையில் தொடங்கி எந்த ஊர்க் காவலில் முடிந்தது என்று சொல்லிவிடலாம். அடிக்கப்பட்ட முத்திரைக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

நண்பரின் அலமாரியில் இப்போது கொக்கி வைத்த 1907 ஒன்றுகூட இல்லை, விற்றுவிட்டார். இருப்பவை எல்லாம் இரண்டாம் வாழ்க்கை வாழ்ந்தவை. அயர்லாந்துக் காவல்படையின் கார்பைனுக்கு மாட்டிய 1888 மாதிரி ஒன்று, பிரஷ்யப் போலீஸின் இரண்டு, இஷாப்பூர்க் குட்டைகள் ஐந்து. பிரஷ்யப் பயனெட்டின் முத்திரையை அரை நிமிடத்தில் படித்துக் காட்டினார். இஷாப்பூரை எடுத்து நீட்டி என்னைக் கேட்டார்: "இது உங்க ஊர்ச் சாமான். இந்த நம்பர் எந்த ஊர் ஆர்மரி? யாருகிட்ட கேக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. மாமா இருந்திருந்தால் ஒருவேளை எழுத்தின் கோணலைப் பார்த்தே எந்த ஆர்மரர் அடித்தது என்று சொல்லியிருப்பார். அந்தத் தலைமுறைக் காவலர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே உட்கார்ந்து அப்படி ஓர் அலமாரி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 18 வயது தாண்டியவர் பயனெட் வாங்கி வீட்டில் வைக்கலாம். தெருவில் எடுத்துத் திரியத்தான் கூடாது. தபாலில் வாங்கினால் வயதைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள். நம் சட்டம் வேறு. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் வாள், குத்துவாளோடு பயனெட்டும் பெயர் சொல்லியே இருக்கிறது. அரசு அறிவித்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். அழகுக்காகச் சுவரில் மாட்டினேன் என்ற பதில் எடுபடாது. வாங்கும் முன், ஊரைப் பொறுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ காவல் ஆணையர் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்தியாவில் இந்த வேலையைத் தனியாள் செய்வது கடினம். காவல்துறைதான் செய்ய வேண்டும். எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தை 2021-ல் காவல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கோயம்புத்தூரில் ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது. பழைய துப்பாக்கிகளும் வாள்களும் சீருடைகளும் அழகாக வைத்திருக்கிறார்கள். நான் தேடியது அட்டையை. கத்தியின் கீழே 'பயனெட்' என்று போட்டால் அது பயனெட் என்பது பார்த்தாலே தெரியுமே. எந்த ஆண்டு செய்தது, எந்தப் படையில் இருந்தது, எந்த ஸ்டேஷனில் எந்த நம்பரில் நின்றது என்பது அட்டையில் வர வேண்டாமா?

இதே தவற்றை ஒரு தடவை செய்தாயிற்று. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையை 1860களில் கலைத்தபோது பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். அழகானவை என்று பொறுக்கியவை மட்டும் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போய்ப் பிழைத்தன. சாதாரணச் சிப்பாய் தினமும் சுமந்தது எது என்று இன்று கேட்டால் காட்டுவதற்குக் கொஞ்சம்தான் மிச்சம்.

கழித்த ஆயுதங்களை உருக்குவது பாதுகாப்புக்காக. அதில் எனக்கு மறுப்பில்லை. துப்பாக்கியைப் பொதுவில் விடச் சொல்லவும் இல்லை. கேட்பது இவ்வளவுதான்: உலைக்குப் போகும் முன் ஒவ்வொரு பயனெட்டின் அலகடியை இரு பக்கமும் ஒரு படம், பிடியின் தலையை ஒரு படம் எடுத்துவைக்கட்டும். எந்த ஆர்மரியிலிருந்து வந்தது என்பதைப் படத்தோடு எழுதட்டும். அந்த ஆர்மரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு நம்பர்களை வாசிக்கச் சொல்லட்டும். படம் எடுக்கும் முன் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளால் மட்டும் தேய்த்துவிட வேண்டாம். முதலில் போவது நம்பர்தான்.